வளவுக்குள் அடையும் புறா: முள்ளா, வலையா?

கேள்வி: கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் என் மாமனாரின் ஐயா கட்டிய வீடு. நான்கு பங்கு. எல்லாரும் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று இருப்பதால் பொங்கலுக்கும் விசேஷத்துக்கும்தான் திறக்கிறோம். பின்கட்டில் காவலுக்கு ஒரு தம்பதி இருக்கிறார்கள். இரண்டு வருஷமாக வளவு, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும், முழுக்கப் புறா. தூண் போதிகை எல்லாம் கூடு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எல்லாம் எச்சம். வந்து பார்த்த ஒருவர் புறா உட்காராமல் இருக்க வீடு முழுக்க முள் பட்டை அடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் பசை தடவலாம் என்கிறார். உறவுக்காரத் தம்பி ஏர்கன் போதும் என்கிறான். என் கொழுந்தனாரோ ஊருக்கு வந்தால் காலையில் புறாவுக்குக் கம்பு தானியம் இறைப்பார். புறாவை விரட்டுவது பாவம் என்பார். வருகிற தை மாதம் எங்களுக்குச் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்), அந்த வீட்டில்தான். தரையை ஆசிட் போட்டுக் கழுவலாமா? காவல்காரர் மனைவிக்கு ஓயாத இருமல் வேறு. கூரையில் மயில் ஏறி ஓடுகளையும் நகர்த்துகிறது. என்ன செய்வது?
ஓர் ஆச்சி, சென்னை

பதில்:

ஆச்சி, நீங்கள் கடைசியில் எழுதிய இருமலைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த அம்மாவை இந்த வாரமே நுரையீரல் மருத்துவரிடம் அனுப்புங்கள். “புறா எச்சம் கூட்டுகிறேன்” என்று அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சளிக்கு மருந்து எழுதி அனுப்பிவிடக்கூடும். காய்ந்த எச்சத்தின் தூளும் இறகுத் தூசியும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கவனிக்காமல் விட்டால் நாளாவட்டத்தில் நுரையீரல் தழும்பேறிவிடும். எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் மாதிரிப் பூஞ்சைகள் தனிக் கதை. எல்லாருக்கும் வராது, ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவர் அங்கே துடைப்பத்தைத் தொட வேண்டாம். வேறு யார் செய்தாலும் காய்ந்த எச்சத்தைக் கூட்டக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்த பிறகுதான் அள்ள வேண்டும். மூக்கில் கட்டும் துண்டு இதற்குப் போதாது, என்95 முகக்கவசம் வேண்டும், கையுறையும் வேண்டும்.

இனிப் புறாவுக்கு வருவோம். புறா அடைந்தால் வீடு பாழாகும் என்று நம் பக்கம் சொல்வார்கள். நான் காரைக்குடியில் பதினான்கு வருஷமாக வலை கட்டுகிறேன். நான் பார்த்தவரை நடப்பது தலைகீழ். வீடு பூட்டிக் கிடக்கிறது, அதனால் புறா வருகிறது. மாடப்புறா என்ற பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது. அது மரத்தில் கூடு கட்டுகிற பறவை இல்லை. பாறை இடுக்கிலும் விளிம்பிலும் வாழ்ந்த இனம். உங்கள் வளவில் தூண் உச்சியில் இருக்கும் போதிகை அதன் கண்ணுக்குப் பாறை விளிம்பு: மேலே உத்திரம், மழை இல்லை, வெயில் இல்லை, பூனை ஏற முடியாது, வருஷத்தில் முந்நூறு நாள் மனுஷ நடமாட்டமும் இல்லை. உங்கள் மாமனாரின் ஐயா பர்மாவில் சம்பாதித்து இழைத்த தேக்கை அது அப்படித்தான் பார்க்கிறது.

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஊருக்குப் போகிற அன்று மாலை ஐந்தரைக்குப் பட்டாலைக் கூடத்தில் ஒரு நாற்காலி போட்டுச் சும்மா உட்காருங்கள். பேச வேண்டாம், விளக்குப் போட வேண்டாம். இருட்டுவதற்குள் எல்லாப் புறாவும் அடைய வந்துவிடும். எந்த வழியாக வருகிறது, எங்கே முதலில் இறங்குகிறது, எங்கே போய் அடங்குகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் தரையைப் பாருங்கள். ஒரே இடத்தில் கோபுரம் மாதிரி எச்சம் குவிந்திருந்தால் அதற்கு நேர் மேலே இரவு அடைகிறது. சிதறிக் கிடந்தால் பகலில் வந்து போகிற இடம். குச்சியும் முட்டை ஓடும் சேர்ந்து கிடந்தால் கூடு. பெரும்பாலான வீடுகளில் முற்றம் ஒரு வழி என்றால், இரண்டாவது வழி மேல்மாடி ஜன்னலுக்கு மேலே அரைவட்டத்தில் இருக்கிற வண்ணக் கண்ணாடி. அதில் ஒரு துண்டு உடைந்திருக்கும். உள்ளங்கை அளவு இருந்தாலே புறாவுக்குப் போதும். முற்றத்தை வலையால் மூடிவிட்டு இதை விட்டவர்கள் நிறைய. அவர்கள் புறாவை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் அர்த்தம்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகளில் ஏர்கன் பேச்சை விட்டுவிடுங்கள். 1960-ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அது ஒரு பக்கம். சுட்டாலும் குறையாது என்பது இன்னொரு பக்கம். சுவிட்சர்லாந்தில் பாசல் என்ற நகரத்தில் 1961 முதல் 1985 வரை சுமார் ஒரு லட்சம் புறாக்களைப் பிடித்தும் சுட்டும் கொன்றார்கள். ஊரில் இருந்த புறா இருபதாயிரம். கடைசியிலும் அதே இருபதாயிரம். காலியான இடத்தில் அடுத்த ஜோடி குடியேறிவிடும், அவ்வளவுதான். 1988-இல் வழியை மாற்றி, தானியம் போடாதீர்கள் என்று ஜனங்களிடம் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். நாலே வருஷத்தில் பாதியாகிவிட்டது. கொழுந்தனார் ஐயாவிடம் இதைச் சொல்லுங்கள், அவர் கம்புக்கு நான் அப்புறம் வருகிறேன்.

பசையும் வேண்டாம். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் அது உருகி வழியும், ஒரே மாதத்தில் தூசி படிந்து புறா நின்று போகிற திட்டாகிவிடும். அதற்குள் சிட்டுக்குருவி ஒட்டிக்கொண்டு செத்திருக்கும். அல்ட்ராசோனிக் கருவி என்று ஒன்று விற்கிறார்கள், அந்தச் சத்தம் புறாவின் காதிலேயே விழாது. பிளாஸ்டிக் ஆந்தைக்கு ஒரு வார மரியாதை. பிறகு அதன் தலையிலேயே உட்காரும். பட்டாசு போடச் சொல்லும் ஆட்களும் உண்டு. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கே வெடி வைப்பதில்லை. அந்தச் சீமையில் இருந்துகொண்டு நாம் வளவுக்குள் வெடி போடுவதா?

பிடித்துக் கொண்டுபோய் விடலாம் என்றால், அதை நானே செய்து பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் பதினொரு புறாவைக் கூடையில் அடைத்து மேலூர் தாண்டிக் கொண்டுபோய்த் திறந்துவிட்டேன். வழியில் டீ குடித்து, டயர் பார்த்து, நான் திரும்புவதற்குள் ஒன்பது வளவில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கார அண்ணன் எண்ணிக் காட்டினார். இது தபால் கொண்டுபோன புறாவின் வம்சம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முள் விஷயத்துக்கு வருகிறேன். முள் கெட்ட பொருள் இல்லை. பைப், போர்டு, ஏ.சி. பெட்டி, புதுக் கட்டிடத்து ஜன்னல் மேல்விளிம்பு, இங்கெல்லாம் நன்றாக வேலை செய்யும். போதிகையில் வேலை செய்யாது. ஏற்கெனவே கூடு கட்டிப் பழகின புறா முள்ளுக்கு இடையில் குச்சியைச் செருகி முன்பைவிட உறுதியாகக் கட்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் சிலிக்கான் வைத்துச் சுவர் விளிம்பு முழுக்க முள் ஒட்டினேன். இரண்டு மழைக்காலம் கழித்துக் கழற்றச் சொன்னார்கள். முள்ளோடு பூச்சும் அட்டை மாதிரி உரிந்து வந்தது. சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு அரைத்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுப் பூச்சு. முகம் பார்க்கலாம் போல இருந்த சுவர். அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்த இடம் இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது. அந்த வீட்டுப் பக்கம் போனால் நான் அந்தச் சுவரைப் பார்ப்பதில்லை. உங்கள் சுண்ணாம்புக் காரைச் சுவரில் யாரையும் ஒட்டவோ துளை போடவோ விடாதீர்கள்.

ஆகவே உங்கள் வளவுக்கு வலைதான். ஆனால் வலையிலும் நாலு விஷயம் இருக்கிறது.

கண் அளவு 50 மில்லிமீட்டர் போதும், அதாவது இரண்டு அங்குலம். கடைக்காரர் சின்னக் கண் நல்லது என்பார். புறாவைத் தடுக்க இரண்டு அங்குலமே தாராளம், சிட்டுக்குருவி அதில் புகுந்து வந்து போகும். அது வரட்டுமே, எச்சம் அதிகம் போடாது. வெயிலுக்கு மக்காத, யு.வி. பதப்படுத்திய வலை என்று கேட்டு வாங்குங்கள். நிறம் கறுப்பாக இருந்தால் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது வானத்தில் கரைந்துவிடும். வெள்ளை வலை கொசுவலை மாதிரித் தெரியும், கல்யாணப் போட்டோவில் பல்லை இளிக்கும்.

உங்கள் முற்றத்துக்கு மேலே திருட்டுப் பயத்துக்காக இரும்புக் கம்பி போட்டிருக்கிறதா? இருந்தால் வலை அந்தக் கம்பிக்கு மேலே வர வேண்டும். ஏணி போட வசதி என்று கீழே கட்டிவிடுவார்கள். அப்போது புறா கம்பியில் உட்காரும், எச்சம் வலையின் கண் வழியாகப் பழையபடி தரைக்கு வரும். நீங்கள் காசு கொடுத்தது புறாவுக்குத் தெரியவே தெரியாது.

வலையின் ஓரம் முழுக்க ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி ஓட வேண்டும். அந்தக் கம்பியைக் கூரையைத் தாங்கும் கைமரங்களின் நுனியில் கொக்கி திருகிப் பிடிக்கலாம். மரம் ஒரு சின்னத் துளையைத் தாங்கும், காரை தாங்காது. மழைத் தண்ணீர்த் தூம்புத் தகரத்தில் மட்டும் கட்ட விடாதீர்கள். வேப்பிலை சேர்ந்து நனைந்து கனத்தால் தகரத்தோடு கீழே வரும். கம்பியை டர்ன்பக்கிள் என்ற இழுப்புத் திருகு போட்டு முறுக்கி இழுத்த பிறகு நடுவலையில் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். விண்ணென்று திரும்பித் தள்ள வேண்டும். தொங்கினால் புறா அதில் சிக்கும், இல்லையென்றால் அதன் மேலேயே உட்காரும். ஒரு மூலையில் திறந்து மூடும் வாய் வையுங்கள், சருகு எடுக்க வேண்டும். ஓட்டு நுனியில் வரிசையாக வளைவு வளைவாக வாய் திறந்திருக்கும். அதையும் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தால்தான் வேலை முடிந்தது.

இதையெல்லாம் எப்போது செய்வது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். ஒரு வீட்டில் அவசரம், கிரகப்பிரவேசம் மாதிரி ஏதோ விசேஷம், ஒரே நாளில் வலையை இழுத்துக் கட்டிவிட்டு வந்துவிட்டோம். உத்திரத்துக்குப் பின்னால் ஒரு கூட்டில் இரண்டு குஞ்சு இருந்தது எங்களுக்குத் தெரியாது. தாய் இரண்டு நாள் வலையில் வந்து வந்து மோதியதாம். ஐந்தாம் நாள் நாற்றம் எடுத்த பிறகுதான் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து கூடு எண்ணாமல் நான் வலை கட்டுவதில்லை.

புறா ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை இடும். பதினெட்டு நாள் போல அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம். மொத்தம் ஏழு வாரம். சரி, எல்லாக் கூடும் காலியாகும்வரை காத்திருக்கலாம் என்றால் அந்த நாள் வரவே வராது. குஞ்சு கூட்டில் இருக்கும்போதே தாய் அடுத்த ஈட்டுக்கு முட்டை இட்டுவிடும். வருஷம் முழுக்க நடக்கும். அதனால் கூடு கூடாகத்தான் அடைக்க வேண்டும். இப்போது ஆவணி. இந்த மாதமே ஆளை அனுப்பி, காலிக் கூடுகளையும் பாதி கட்டிய கூடுகளையும் எடுத்துவிடுங்கள். எடுத்த போதிகையின் மேல் ஒரு பலகைத் துண்டைச் செங்குத்துச் சாய்வாகச் செருகி வையுங்கள். 45 டிகிரிக்கு மேல் சாய்ந்த இடத்தில் புறாவால் கால் ஊன்ற முடியாது. முட்டையோ குஞ்சோ உள்ள கூடுகளுக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் ஒரு எண் போட்டுத் தேதி எழுதுங்கள். ஒவ்வொன்றும் காலியாகிற அன்றே கூட்டை எடுத்துப் பையில் கட்டி வெளியே கொண்டுபோங்கள். வைத்திருந்தால் அதில் உள்ள பேனும் உண்ணியும் கட்டிலுக்கு வந்துவிடும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் பாதி முடியும், மீதி கார்த்திகையில் முடியும். வலை கடைசியாக, வெயில் ஏறிய பதினொரு மணி வாக்கில், புறா இரைக்குப் போயிருக்கும் நேரத்தில். உள்ளே மாட்டிக்கொண்ட ஒன்றிரண்டு இருந்தால் அறைக் கதவுகளைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு, வலையில் ஒரு மூலையை மட்டும் திறந்து வையுங்கள். வெளிச்சம் பார்த்துப் போய்விடும்.

மூன்றாம் கட்டு மாடியை அடைப்பதற்கு முன்னால் கூகை ஆந்தை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை முகத்தைக் கண்டு பயந்து சகுனம் பேசுவார்கள். எலி பிடிப்பதில் அதற்கு நிகர் கிடையாது. இருந்தால் அந்த ஒரு அறையை அதற்கு விட்டுவிடலாம்.

முகப்பு மேலே இருக்கும் கஜலட்சுமி சுதைச் சிற்பத்துக்கும் சேர்த்து முள் விலை சொல்லியிருப்பார்கள். லட்சுமி தலையில் முள்ளா? அதற்குப் பழைய வேலைதான் சரி. சுதைக்குப் பின்னாலும் கீழ்விளிம்பிலும் உள்ள தட்டையான இடங்களில் சுண்ணாம்புக் கலவையால் சரிவு பிடித்துவிடச் சொல்லுங்கள். நல்ல கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. கீழிருந்து பார்த்தால் தெரியாது, மழைத் தண்ணீரும் தேங்காது. இதில் எனக்கு ஒரு பைசா வருமானம் இல்லை.

ஆசிட் வேண்டவே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டும் வண்ணமும் சேர்ந்தது, பளிங்கும் காரையும் சுண்ணாம்பு. பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினால் பொங்கும். கறையோடு சேர்ந்து பூவும் கொடியும் போய்விடும். எச்சத்தில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம், அது தண்ணீரில் சட்டென்று கரையாது. அதனால்தான் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஆசிட்டுக்குப் போகிறார்கள். ராத்திரி ஈரச் சாக்கைத் தரையில் விரித்து விடுங்கள். காலையில் தகடு தகடாக எழும்பி வரும். மரச் சட்டத்தால் நெம்பி எடுத்து, தேங்காய் நாரும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போட்டுத் துடைத்தால் போதும். காய்ந்த பிறகு, அந்தக் காலத்தில் செய்கிற மாதிரி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். சுவரில் சாக்கு வேண்டாம், நீர் தெளித்து மெதுவாக. ஏற்கெனவே அரித்துக் குழி விழுந்த இடம் துடைத்துச் சரியாகாது, அது கொத்தனார் வேலை. அள்ளிய எச்சம் நல்ல உரம், தென்னந்தோப்பில் குழி வெட்டி மூடி மக்க வையுங்கள். இன்னொன்று: ஓட்டில் விழுந்து முற்றத்துக்கு வரும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடிக்கிற வழக்கம் இருந்தால் இந்த வருஷம் சமையலுக்கு வேண்டாம்.

மயிலை ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் அது முதல் அட்டவணை. குன்றக்குடி முருகனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மயிலோடு வழக்குப் போட்டு ஜெயிக்கவும் மாட்டோம். கூரையை ஒட்டிய கிளையை வெட்டிவிடுங்கள், அது நகர்த்திய ஓடுகளை மாதம் ஒருமுறை சரிசெய்யச் சொல்லுங்கள். நகர்ந்த ஓடுதான் புறாவுக்கு மூன்றாவது வழி.

இப்போது கொழுந்தனார் ஐயாவின் கம்பு. ஒரு புறா ஒரு நாளைக்குச் சுமார் முப்பது கிராம் தானியம் தின்னும். அவர் ஒரு கிலோ இறைத்தால் முப்பதுக்கு மேற்பட்ட புறாக்களுக்குப் பந்தி. அவர் சென்னைக்கு ரயிலேறிய பிறகு அந்த முப்பதும் என்ன செய்யும்? ஊரில் வேறு இரை தேடிக்கொள்ளும், ஆனால் வீடாக உங்கள் வளவைத்தான் வைத்துக்கொள்ளும். மும்பையில் 2025-இல் தாதரில் புறாவுக்குத் தீனி போடும் இடமான கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடும் அளவுக்குப் போன தகராறு இப்படி அன்போடு ஆரம்பித்ததுதான். பாவம் என்று அவர் நினைப்பதை நான் கேலி செய்யவில்லை. சிபிச் சக்கரவர்த்தி கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வழியை மறைப்பது கொலை இல்லை. புறாவுக்கு இறக்கை இருக்கிறது, போக ஊரில் இடமும் இருக்கிறது. காக்காய்க்கு வைக்கிற ஒரு பிடிச் சோறு எப்போதும் போல இருக்கட்டும், அது அந்த நேரமே தீர்ந்துவிடும். கம்பை மட்டும் இந்த மாதத்திலிருந்து குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தச் சொல்லுங்கள். மனசு கேட்கவில்லை என்றால் குருவிக்கு ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கட்டும்.

அவரை இந்த வேலையில் சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது. கூட்டில் குஞ்சு இருக்கிறதா என்று பார்க்க ஏணி வேண்டாம். நீளமான கம்பில் செல்போனைக் கட்டி, வீடியோவை ஓடவிட்டுப் போதிகைக்கு மேலே நீட்டி இறக்கினால் போதும். சாக்பீஸ் எண்ணும் தேதியும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். கடைசிக் குஞ்சு பறந்ததை அவரே பார்த்துச் சொன்ன பிறகு வலைக்காரருக்கு நாள் கொடுங்கள்.